கூரை விளக்கு வைத்த ஜீப்

எங்கள் வீட்டுக்கு முதலில் ஜீப் வந்தது. அடுத்து அதற்கு பெயிண்ட் வந்தது. விளக்குகள் கடைசியாக வந்தன. வண்டியை வாங்கியதில் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சரிபாதி. பச்சை பெயிண்ட் என்பதிலும் இருவரும் ஒரே பேச்சு. விளக்குகள் வந்த பிறகுதான் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஆனார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அரூரில் ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனமாக இருந்தோம். முன்பக்கம் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் அவர்களுடைய ஒரே மகளும். பின்பக்கம் நாங்கள் இருவர் மட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கணவரின் அண்ணனை நான் மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். மாமா கடைவீதியில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்றார். நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். ஜீப்பை ஓட்டியவர் என் கணவர். பொம்மிடி ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்கள், மலையடிவார ஊர்களுக்குப் போகும் அதிகாரிகள், கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள் என்று வண்டி எந்நேரமும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

விளக்குகளை முன்னாலிருந்து பின்னால் வரை சொல்கிறேன். முன் பம்பரில் மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு. தகரக் கூரையின் முன்விளிம்பில் குறுக்காக ஓர் இரும்புக் குழாய், அதன்மேல் ஐந்து. இரண்டு ஓரமும் பச்சை, அதற்கு உள்பக்கம் சிவப்பு, நட்டநடுவில் நீலம். டிரைவர் கண்ணாடியைச் சுற்றி உள்பக்கமாகப் பொடிப் பொடி சீரியல் பல்புகள். முருகன் படத்துக்கு முன்னால் மிளகாய்ப்பழம் அளவில் ஒன்று. பின்னால், நம்பர் பலகைக்கு இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு. எல்லாம் பெங்களூரில் வாங்கி வந்தவை. எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிடக் கணவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே தனி ஸ்விட்ச் வைத்திருந்தார். அதைத் தட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கற்பூரம் காட்டும் குருக்களிடம் கூட அவ்வளவு பவ்யம் இருக்காது.

விளக்கு மாட்டிய மறுநாள் மாமா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏண்டா, இது ஜீப்பா, தேரா?"

"தேருன்னா நல்லதுதானண்ணா. எல்லாரும் நின்னு பாப்பாங்க."

"அதாண்டா என் பயமே. ஊரே நின்னு பாத்தா இந்த வண்டி என்னத்துக்கு ஆவும்?"

"சும்மா அழகுக்கு மட்டும் இல்லண்ணா. தொப்பூர் மேட்டுல நேத்து எதுர்ல வந்த லாரிக்காரன், மேல லைட்டப் பாத்துட்டு நம்ம வண்டியும் லாரின்னு நெனச்சு ஓரம் கட்டிட்டான். கிட்ட வந்து பாத்தா ஜீப்பு! அவன் திட்டுனான் பாருங்க..."

"லாரி வேசம் போட்டு ஏமாத்துனது பெருமையா ஒனக்கு?"

"ஏமாந்தது அவன். பத்தரமா வந்தது நாங்க."

இந்த வழக்கு தினமும் நடக்கும். காபி குடிக்கும்போது ஆரம்பித்து, மாமா கடை திறக்கப் போகும்போது தள்ளிவைக்கப்படும். இருவரும் சத்தம் போட்டுக்கொண்டாலும் எனக்குக் கவலை வந்ததில்லை. மாமா பேசி முடித்துவிட்டு, தம்பி சாப்பிட்டானா என்று அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

விளக்கைக் கழற்றச் சொல்லியும் தம்பி கேட்கவில்லை. ஆகவே திருஷ்டியைக் கழிக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் விடியும்போதே எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் இறைப்பார். அதில் மஞ்சள்தூள். அதன்மேல் இரண்டு கை நிறையக் கல் உப்பு. கையை விட்டு நன்றாகக் கலக்கி, முக்காலிமேல் ஏறி நின்று, கூரையின் நடுவிலிருந்து அப்படியே ஊற்றுவார். தண்ணீர் ஐந்து விளக்கின்மேலும் வழிந்து, கண்ணாடியில் இறங்கி, பம்பர் வரை வரும். பின்னால் ஒரு குடம். பிறகு எல்லா விளக்குக்கும் குங்குமம். வேறு யாரும் குடத்தைத் தொடக் கூடாது. ஒருமுறை காய்ச்சலோடும் வந்து ஊற்றினார். விளக்கு கூடக் கூட உப்பும் கூடியது.

அந்த வருடம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பொம்மிடிப் பையன். கல்யாணம் பையன் ஊரில். எங்கள் பக்கத்தில் முதல்நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு நடக்கும். பெண்ணைக் கோயிலில் அலங்கரித்து, வண்டியில் உட்காரவைத்து, மேளத்தோடு தெருத்தெருவாக மண்டபத்துக்கு அழைத்துவருவார்கள். பரிசம் போட்ட அன்றே எங்கள் பெண் சொல்லிவிட்டாள்.

"சித்தப்பா ஜீப்புலதான் நான் போவேன். எல்லா லைட்டையும் போட்டுட்டு."

கணவர் எழுந்து பின்பக்கம் வந்துவிட்டார். அடுப்படியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அவளை அவர் தூக்கி வளர்த்தவர். அவளுக்கு அவர் செய்ய ஆசைப்பட்ட எல்லாவற்றையும் அவள் அப்பாவே செய்து முடித்திருந்தார். இது ஒன்றுதான் இவரிடம் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து விளக்குகள் கோளாறு செய்ய ஆரம்பித்தன.

ஸ்விட்சைப் போட்டால் கூரை விளக்குகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல மங்கலாக எரியும். ஹாரன் அடித்தால் பச்சை மட்டும் அணையும். பிரேக் மிதித்தால் பின்சிவப்பு எரிவதோடு முன்னால் நீலமும் துடிக்கும். சம்பந்தி வீட்டாரை ஒருமுறை பொம்மிடியில் கொண்டுபோய் விடும்போது, ஸ்டேஷன் வாசலில் ஐந்து விளக்கும் மாறிமாறி விட்டுவிட்டு எரிந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கி நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க வண்டி எங்களப் பாத்துக் கண்ணடிக்குது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "சம்பந்தி ஊரு அது. பொண்ணு உக்காந்திருக்கறப்ப பாதித் தெருவுல இது அணைஞ்சா, ஆயுசுக்கும் அவளச் சொல்லிக் காட்டுவாங்க. நான் அம்பாசிடர் பேசிடறேன். பூச்சரம் போட்டுக்கலாம்."

"அண்ணா, சரி பண்ணிடறேன். நீங்க எப்பிடிச் சொன்னாலும் நான் எரிய வெச்சுக் காட்டறேன்."

மாமா யோசித்தார். "கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளு முன்னாலயே ஒரு வாரம். டெய்லி ராத்திரி போட்டுப் பாப்பேன். ஒரு நாளுகூட மக்கர் பண்ணக் கூடாது. பண்ணலன்னா உன் ஜீப்பு. பண்ணுச்சுன்னா அம்பாசிடர். அப்பறம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வயரைக் கடித்துக்கொண்டே பேசுவார். ஜீப்பை நிறுத்தினால் டீக்கடையில் நிற்கும் டிரைவர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் டைனமோ என்பார். ஒருவர் பேட்டரி என்பார். இத்தனை விளக்கை இழுக்க ஜீப்புக்குத் தெம்பில்லை, நீலத்தைக் கழற்றினால் போதும் என்றார் ஒருவர். நீலத்தைக் கழற்றுவது பற்றி மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள்.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது. டைனமோவும் சரி. வயரை மாற்றினார், ஃபியூசை மாற்றினார், எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார். விளக்குகள் எரிந்தன. ஐந்து நாள், ஆறு நாள் நன்றாக எரியும். பிறகு பழையபடி.

"மொதலாளி, வாரா வாரம் தவறாம வர்றீங்களே, என் கடை என்ன சந்தையா?" என்று பாய் கத்தினார். "நான் பாத்த வேலையில இது மாதிரி எதுவும் திரும்பி வந்ததில்ல. உங்க ஜீப்பு எம்பேரக் கெடுக்குது."

"நீங்க சரியாப் பாத்தா அது ஏன் வருது பாய்?"

"அப்ப நீங்களே பாருங்க! இந்தாங்க ஸ்பேனரு!"

அன்று சனிக்கிழமை. அலுவலகத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் கணவர் அங்கே நிறுத்தியிருந்தார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பாய் கூரைமேல் ஏறி, பச்சை விளக்கின் பித்தளை ஹோல்டரைப் பிடுங்கி என் மடிக்கு நேராக நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. போன வாரம் உப்புத்தாளு போட்டுத் தேச்சுப் பளபளன்னு மாட்டுனேன். இன்னிக்கிப் பாருங்க, பச்சைக் களிம்பு. உங்க வூட்டுக்காரரு வண்டிய எந்தக் கடல்ல எறக்கிட்டு வந்தாரு?"

ஹோல்டரின் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. விரலால் தொட்டேன். நறநறவென்றது. எங்கள் அடுப்படியில் கல் உப்பு ஜாடி அடிக்கடி காலியாவதும், கிணற்றடியில் பித்தளைக் குடம் கவிழ்ந்திருப்பதும், நேற்று என்ன கிழமை என்பதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பாயிடம் எதுவும் சொல்லவில்லை. கடைவீதியில் மாமாவைத் தெரியாதவர் இல்லை. அவர் பேச்சு அங்கே அடிபடக் கூடாது.

வண்டி கொஞ்ச தூரம் வந்ததும் சொன்னேன். "கோளாறு உப்புத் தண்ணி."

கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். முதலில் சிரித்தார். விளக்கு இருப்பதால் திருஷ்டி, திருஷ்டிக்கு உப்பு, உப்பால் விளக்கு அணைகிறது, அணைந்ததைப் பார்த்து அண்ணன் 'பாத்தியா, திருஷ்டி' என்று இன்னொரு கை உப்பு சேர்க்கிறார் என்று விரல்விட்டுச் சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இத அண்ணங்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"என்னால ஆவாது. அவரு அந்தக் கொடத்தத் தூக்கறப்ப மொகத்தப் பாத்திருக்கியா? எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் ஊத்தறாரு. அத நிறுத்துன்னு நான் சொல்லணுமா?"

"சொல்லலன்னா அம்பாசிடர்."

அவர் கியரைப் போட்டார்.

சோதனை வாரம் வந்தது. திங்கள் முதல் வியாழன் வரை எந்தக் குறையும் இல்லை. மாமா தினமும் வாசலில் நின்று, ஹாரன் அடிக்கச் சொல்லி, பிரேக் மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் ஓர் உபாயம் செய்தார். விளக்குகளுக்கெல்லாம் பாலிதீன் பையைக் கவிழ்த்து நூலால் இறுக்கிக் கட்டினார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் எழுந்து பார்த்தபோது மாமா முக்காலியில் நின்று ஒவ்வொரு பையாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எதுக்கு இதெல்லாம் மூட்டையாக் கட்டி வெச்சிருக்கான்? மூடி வெச்சா திருஷ்டி எப்பிடி எறங்கும்?"

அவர் அவிழ்த்த பைகளை வாங்கி மடித்துக்கொண்டே நின்றேன். குடம் கவிழ்ந்தது. கல்யாணம் நெருங்கியதால் அன்று உப்பு இன்னும் தாராளம்.

வெள்ளி ராத்திரி எப்படியோ தப்பித்தோம். சனிக்கிழமை ராத்திரி ஸ்விட்சைப் போட்டதும் நீலம் ஒருமுறை மின்னிவிட்டுப் போனது. மற்றவை மூச்சு விடவில்லை. மாமா தம்பியின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் கூட என் கணவருக்குப் பரவாயில்லை.

ஞாயிறு மதியம் முன்பக்கத்தில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மாமா அம்பாசிடர்க்காரரைப் பார்க்கக் கிளம்புவதாகச் சொன்னார். நான் முந்தின நாள் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"அப்பா, உப்பக் கொழம்புல போடணும். ஜீப்புல போடக் கூடாது."

"என்ன சொல்ற?"

"உங்க உப்புத் தண்ணிதான் லைட்ட அணைக்குது. சின்னம்மா கண்ணால பாத்துட்டாங்க. சித்தப்பாவுக்கும் தெரியும். உங்க மனசு கஷ்டப்படும்னு வாயத் தெறக்காம உக்காந்திருக்காரு பாருங்க."

கணவர் இலையைப் பார்த்தார். நான் ரசப் பாத்திரத்தைப் பார்த்தேன். மாமா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சாமிக்குச் செய்யறது கெடுதலா? ஏம்மா, நெசமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கரண்டியோடு வந்தார். "உங்க பொண்ணுக்கு எத்தன தடவ சுத்திப் போட்டிருக்கேன்? உப்பும் மொளகாயும் கையில வெச்சு மூணு சுத்து சுத்தி அடுப்புல போடுவேன். புள்ளைய உப்புத் தண்ணியிலயா முக்கி எடுத்தேன்? அதே மாதிரி ஜீப்புக்கும் சுத்திப் போட்டாத் தீந்துச்சு."

மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முக்காலியைப் போட்டு ஏறி, பச்சை விளக்கின் அடியில் விரலைத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"டேய்! வண்டிய எடு. பாய் வூட்டுக்குப் போலாம். கடை தெறக்கலன்னா எழுப்பிக்கலாம்."

பாய் வீட்டில் நடந்ததைக் கணவர் சொல்லித்தான் கேட்டேன். மாமாவே தன் வாயால் சொல்லியிருக்கிறார், உப்பு ஊற்றியது நான்தான் என்று. பாய், "பெரியவரே, நீங்க வெள்ளிக்கெழம கட்டுவீங்க, நான் சனிக்கெழம அவுப்பேன். இத்தன நாளு நாம ரெண்டு பேருந்தான் வெளாண்டிருக்கோம்" என்றாராம். எல்லா ஹோல்டரும் புதிதாக வந்தன. இணைப்புகளுக்கெல்லாம் கிரீஸ் தடவி டேப் சுற்றினார்கள். அதோடு மாமா விடவில்லை. அதுவரை விளக்கே வேண்டாம் என்றவர், நடுவில் நீலம் இருக்கக் கூடாது, சவ வண்டி மாதிரி இருக்கிறது, மஞ்சள் போடு என்று பிடிவாதம் பிடித்தார். என் கணவர் நீலம்தான் அழகு என்றார். இருட்டும் வரை அங்கே நின்று வாதாடி, மஞ்சளோடு திரும்பி வந்தார்கள். எனக்கென்னவோ நீலமே பிடித்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா குடத்தை எடுக்கவில்லை. வெறும் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்தார். கையில் உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு ஜீப்பை மூன்று முறை சுற்றி வந்து, வாசலில் மூட்டிய நெருப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. "இம்புட்டுக் கண்ணாடா இருந்துச்சு!" என்று அவருக்குப் பெரிய திருப்தி. சனிக்கிழமை விளக்குகள் எரிந்தன. ஞாயிறும் எரிந்தன. அதற்குப் பிறகு அம்பாசிடர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பெண்ணழைப்பு அன்று பொம்மிடிக் கோயிலிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பினோம். ஜீப்பின் பக்கங்களில் வாழைக்கன்று, எஞ்சின் மூடியின்மேல் கனகாம்பரச் சரம். பெண் முன் சீட்டில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அக்காவும் பின்னால். அவர் ஸ்விட்சைத் தட்டினார். தெருவில் இருந்த பிள்ளைகள் கத்தின. மேளக்காரர்கள் நடைக்குத் தகுந்தபடி அவர் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து விட்டார். ஒவ்வொரு முறை பிரேக் மிதித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு விளக்கும் கண்சிமிட்டவில்லை. மாமா வண்டிக்கு முன்னால், முதுகைத் தெருவுக்குக் காட்டி, விளக்குகளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். எதிரே வந்தவர்கள்தான் ஒதுங்கினார்கள்.

மண்டப வாசலில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மூன்று சுற்று சுற்றினார்கள். பெண்ணுக்குப் பொட்டு வைத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் வந்தார். ஆரத்தித் தண்ணீரை வண்டிக்கு எதிரே கொட்டுவதுதான் முறை. ஆனால் அந்த அம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தார். தட்டை இடுப்புக்கு மேலே தூக்கி வீசுவதற்குக் கையை ஓங்கினார். நேர் எதிரே பம்பரின் மஞ்சள் விளக்குகள்.

மாமா நடுவில் பாய்ந்துவிட்டார். பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தோளில் இருந்த புதுப் பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் விரித்து விளக்குகளை மறைத்தார். அவ்வளவு சிவப்பும் அவர் முதுகில் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய், "அய்யோ, பொண்ணோட அப்பாவாச்சே! சட்டையெல்லாம் போச்சுங்களே!" என்றார்.

மாமா எழுந்து, முதலில் குனிந்து இரண்டு விளக்கையும் பார்த்தார். பிறகுதான் திரும்பினார். காலர் வழியாக மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பரவால்லீங்க சம்பந்தி. லைட்டுல படல."

என் கணவர் இறங்கிப் போய் அவர் தலையைத் துவட்டப் பார்த்தார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். "என்னப் பாக்காத. வண்டிய ஆஃப் பண்ணிடாத, பொண்ணு இன்னும் எறங்கல." மேளம் மறுபடி தொடங்கியது. எங்கள் பெண் சிரிப்பை அடக்க முடியாமல், எல்லா விளக்கும் எரிய, ஜீப்பிலிருந்து இறங்கினாள்.